62 வயதுக்காரரை 19 வயதில் நடிப்பது எப்படி? ஆறு வார ஒத்திகைக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரி நாடகத்தில் முதல்முறையாகப் பெரிய வேடம் கிடைத்தவர் வழக்கமாகச் செய்வது இது: பிரதி கைக்கு வந்ததும் தன் வசனங்களுக்கு மட்டும் மார்க்கரால் கோடு போடுவார். அன்றிரவே கண்ணாடி முன் நின்று பேசிப் பார்ப்பார். மூன்றே நாளில் வசனம் பாடமாகிவிடும். கூடவே அதைச் சொல்லும் ராகமும் பாடமாகிவிடும். அதன்பிறகு எதிரில் நிற்பவர் கத்தினாலும் கெஞ்சினாலும் இவர் வாயிலிருந்து அதே ராகம்தான் வரும். இயக்குநர் ஆறு வாரம் மல்லுக்கட்டினாலும் அது அசையாது.

முகபாவத்தில் தொடங்கினால் இந்தச் சிக்கலில்தான் போய் நிற்போம். அந்த ஆள் எதிரில் இருப்பவரிடம் எதை வேண்டி நிற்கிறார், அதற்காக என்னென்ன செய்து பார்க்கிறார், இத்தனை வருட வேலை அவர் உடம்பை எப்படி மாற்றியிருக்கிறது ஆகிய மூன்றும் பிடிபட்டால் முகம் தானாக வந்து சேரும். கீழே உள்ள வழிமுறை முழுவதும் இந்த மூன்றைத் தேடுவதற்கானது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு 40 நிமிட நாடகத்தை வைத்துக்கொள்வோம். சண்முகம், வயது 62, அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இல்லை. மகன் பிரபு வெளிநாட்டு வேலைக்குப் போக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானம் வைக்கக் கேட்கிறான். அப்பா தரமாட்டேன் என்றும் சொல்வதில்லை, எடுத்தும் தருவதில்லை. சண்முகமாக நடிக்கப்போகிறவருக்கு வயது 19. வாரத்துக்கு நான்கு மாலை, மாலைக்கு இரண்டு மணி நேரம், ஆறு வாரம். மொத்தம் 48 மணி நேரம் இருக்கிறது. தாராளமாகத் தெரியும், ஆனால் கடைசி 16 மணி நேரம் ஒளி, ஒலி, உடை, முழு ஓட்டம் என்று போய்விடும். பாத்திரத்தைத் தேட உண்மையில் கிடைப்பது முதல் நான்கு வாரம்தான்.

முதல் வாரம்: பென்சில், நோட்டு, வாய்க்குப் பூட்டு

பிரதியை மூன்று தடவை முழுதாகப் படியுங்கள். முதல் தடவை கையில் பேனா கூடாது. நாடகம் பார்க்க வந்த ஆளைப் போல ஒரே மூச்சில் படித்துவிட்டு, எந்த இடத்தில் சிரிப்பு வந்தது, எந்த இடத்தில் சலித்தது என்று நான்கு வரி எழுதி வையுங்கள். கதை உங்களுக்குப் புதிதாக இருக்கும் ஒரே சமயம் அதுதான். ஐந்தாவது வாரம் எல்லாமே பழகிப்போன பிறகு அந்த நான்கு வரிதான் பார்வையாளர் மனநிலையை உங்களுக்கு நினைவுபடுத்தும்.

இரண்டாவது தடவை நோட்டில் நான்கு பக்கங்களைப் பிரித்து நிரப்புங்கள். முதல் பக்கத்தில் பிரதி உறுதியாகச் சொல்லும் தகவல்கள்: வயது, ஊர், எந்த மாதம், பகலா இரவா, வீட்டில் யார் யார். இரண்டாம் பக்கத்தில் சண்முகம் தன்னைப் பற்றிச் சொல்பவை. மூன்றில் மற்றவர்கள் அவரைப் பற்றிச் சொல்பவை. நான்கில் அவர் மற்றவர்களைப் பற்றிச் சொல்பவை. இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று பாருங்கள். “நான் யார்கிட்டயும் கை நீட்டினதில்ல” என்கிறார் சண்முகம். பக்கத்து வீட்டுக்காரர் அவரிடம் கொடுத்த கடனைப் பற்றிப் பேசுகிறார். பிரதியில் இப்படி ஓர் இடம் கிடைத்தால் அது புதையல். அவர் பொய் சொல்கிறாரா, மறந்துவிட்டாரா, அதைக் கடனாகவே நினைக்கவில்லையா என்ற கேள்விக்கு நீங்கள் எடுக்கும் முடிவு முழு வேடத்தையும் மாற்றும்.

மூன்றாவது தடவை, பிரதி சொல்லாமல் விட்ட கேள்விகளை எழுதுங்கள். மனைவி இறந்து எவ்வளவு நாளாயிற்று? கடைசியாக மகனும் அப்பாவும் சேர்ந்து சாப்பிட்டது எப்போது? பத்திரம் எங்கே இருக்கிறது? பதிலை நீங்களே முடிவு செய்யலாம், ஒரு நிபந்தனையோடு: அந்தப் பதில் மேடையில் நடக்கும் காட்சியை இறுக்க வேண்டும். மனைவி இறந்து பத்து வருடம் என்றால் காட்சி தளர்ந்துவிடும். எட்டு மாதம், இன்னும் முதல் திதிகூட வரவில்லை என்றால் வீட்டில் ஒவ்வொரு பொருளும் கனக்கும். இதற்கு மாறாக, சண்முகம் படித்த பள்ளி, அவருக்குப் பிடித்த நிறம், ராசி நட்சத்திரம் என்று பத்துப் பக்கம் வாழ்க்கை வரலாறு எழுதுபவர்கள் உண்டு. எழுதும்போது உற்சாகமாகத்தான் இருக்கும். மேடையில் அதில் ஒரு வரிகூட உதவாது.

ரஷ்ய இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863-1938) நடிகர்களுக்குக் கொடுத்த கேள்வி இங்கே பயன்படும்: இந்தச் சூழ்நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன்? ‘என்ன செய்வேன்’ என்பதைக் கவனியுங்கள். ‘எப்படி உணர்வேன்’ என்று கேட்டுக்கொண்டால் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பீர்கள்.

இந்த வாரம் முழுக்க வசனத்தை உரக்கச் சொல்வது குழுவோடு உட்கார்ந்து வாசிக்கும்போது மட்டும். வீட்டில் வேண்டாம்.

இரண்டாவது வாரம்: ஒவ்வொரு வரிக்கும் ஒரு வினைச்சொல்

காட்சியைத் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒருவர் வேண்டுவது மாறும் இடத்தில், அல்லது புதிய செய்தி ஒன்று வந்து விழும் இடத்தில் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு. எட்டு நிமிடக் காட்சியில் ஆறிலிருந்து பத்துத் துண்டு வந்தால் சரியாக இருக்கும். இருபத்தைந்து வந்தால் வரிக்கு வரி வெட்டியிருக்கிறீர்கள். இரண்டு மூன்றை ஒன்றாக்குங்கள்.

ஒவ்வொரு துண்டிலும் சண்முகத்துக்கு மகனிடமிருந்து என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வசனத்தின் பக்கத்திலும், அதைச் சொல்வதன் வழியாக அவர் மகனை என்ன செய்கிறார் என்று ஒரு வினைச்சொல். ஒரு சிறு துண்டைக் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

பிரபு: அப்பா, பேங்க்ல நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க.
சண்முகம்: டீ ஆறுது பாரு.
பிரபு: பத்திரம் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.
சண்முகம்: உங்கம்மா இருந்தப்ப பீரோவுல இருந்துச்சு.
பிரபு: இப்ப?
சண்முகம்: இப்ப நான் இருக்கேன்ல.

முதல்முறை நடிப்பவர் இந்த மூன்று வரிகளின் பக்கத்திலும் ‘சோகம்’ என்றோ ‘கோபம்’ என்றோ எழுதி வைத்திருப்பார். அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. முகத்தைத் தொங்கப்போடலாம், அவ்வளவுதான். இப்போது வினைச்சொல் போடுங்கள். ‘டீ ஆறுது பாரு’ என்பதற்கு, பேச்சை மாற்று. ‘உங்கம்மா இருந்தப்ப’ என்பதற்கு, குத்திக்காட்டு. ‘இப்ப நான் இருக்கேன்ல’ என்பதற்கு, வழியை மறி. மூன்று வரியும் மூன்று வேலை செய்யத் தொடங்கிவிட்டன. குரலும் தானாக மூன்று விதமாக வரும்.

மறுநாள் ஒத்திகையில் வினைச்சொற்களை மாற்றிப் பாருங்கள். ‘டீ ஆறுது பாரு’ என்பதில் மகனைக் கொஞ்சுங்கள். ‘உங்கம்மா இருந்தப்ப’ என்பதில் அவனைத் துணைக்கு அழையுங்கள், இருவருக்கும் பொதுவான இழப்பு அது. கடைசி வரியில் கெஞ்சுங்கள்: என்னை ஓர் ஆளாக மதி என்று. வசனத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் மேடையில் வேறொரு சண்முகம் நிற்கிறார். எது சரி என்பதைத் தனியாக உட்கார்ந்து முடிவுசெய்ய முடியாது. எந்தச் சொல்லைப் போட்டபோது பிரபுவாக நடிப்பவரால் உங்களை எளிதில் தாண்டிப்போக முடியவில்லையோ அதை வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று சொல்லையாவது சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நல்ல வினைச்சொல்லுக்கு ஒரு சோதனை உண்டு. அதை எதிரில் இருப்பவர் மீது செய்ய முடிய வேண்டும். மடக்கு, ஆழம் பார், சமாதானப்படுத்து, உசுப்பேற்று, வெட்கப்படவை எல்லாம் தேறும். வருந்து, யோசி, ஏங்கு ஆகியவை தேறாது. அவற்றைத் தனியாக உட்கார்ந்தும் செய்துகொண்டிருக்கலாம்.

இதே வாரத்தில் இயக்குநர் நகர்வுகளை, அதாவது யார் எப்போது எங்கே நகர்கிறார் என்பதை, அமைக்கத் தொடங்குவார். ஒத்திகை வகுப்பறையில்தான் நடக்கும், பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு. உண்மையான மேடையின் அகலத்தையும் ஆழத்தையும் அளவு நாடாவால் அளந்து வந்து தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாத குழுக்கள் ஐந்தாவது வாரம் மேடை ஏறியதும் தடுமாறும்: அறையில் நான்கு அடி எடுத்துவைத்த இடத்துக்கு மேடையில் ஏழு அடி நடக்க வேண்டியிருக்கும், வசனம் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். நகர்வுகளைப் பென்சிலால் மட்டும் குறியுங்கள். இன்றைக்கு இயக்குநர் சொன்னதை நாளைக்கு அவரே மாற்றுவார். அது அவர் வேலை.

வசனம் பாடம் பண்ணும் முறை

நகர்வு அமைந்த பிறகே பாடம் பண்ணுங்கள். எந்த இடத்தில் எழுந்தோம், எங்கே டம்ளரை வைத்தோம் என்பதோடு சேர்ந்து படிந்த வசனம் பதற்றத்திலும் மறக்காது. 12-வது மாலை, அதாவது மூன்றாவது வாரக் கடைசியில், பிரதியைக் கீழே வைத்துவிட வேண்டும். கையில் தாள் இருக்கும்வரை எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க முடியாது.

பாடம் பண்ணும்போது குரலில் ஏற்ற இறக்கம் வேண்டாம். விலைப்பட்டியல் வாசிப்பதுபோல், வேகமாக, தட்டையாகச் சொல்லுங்கள். ராகம் ஒட்டாமல் சொற்கள் மட்டும் மனதில் நிற்க இதுவே வழி. உங்கள் வரிக்கு முன்னால் வரும் மற்றவரின் வரியையும் சேர்த்தே படியுங்கள். அதில் உங்களைப் பேசவைக்கும் சொல் எது என்று அடிக்கோடிடுங்கள். அது பெரும்பாலும் கடைசிச் சொல்லாக இருக்காது. ‘பேங்க்ல நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க’ என்பதில் சண்முகத்தைத் தைப்பது ‘நாளைக்கு’. அந்தச் சொல்லில் உள்ளே ஏதோ நடக்க வேண்டும். வரி முடிந்ததும் பேச்சு வரும். மற்றவர் பேசி முடிக்கும்வரை மரம்போல் நின்றுவிட்டு, தன் முறை வந்ததும் உயிர்பெறுவது மாணவ நாடகங்களில் மிக அதிகமாகத் தெரியும் குறை.

ஒரு பக்கத்துக்கு மேல் வரும் நீண்ட பேச்சைக் கையால் எழுதிப் படியுங்கள். ஒரு பத்தி முழுதாக வந்த பிறகு அடுத்தது. எப்போதும் முதல் வரியிலிருந்தே தொடங்கிப் படித்தால் முதல் பாதி மட்டும் உருப்போட்டதாகி, பின்பாதி தள்ளாடும். ஒரு நாள் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குங்கள்.

மூன்றாவது வாரம்: 30 வருட வேலை உடம்பில் எங்கே இருக்கிறது

வயதான வேடம் என்றதும் முதுகைக் கூன்போட்டு, குரலை நடுங்கவிட்டு, இரண்டு வரிக்கு ஒருமுறை இருமுவார்கள். 62 வயது அப்படிப்பட்ட வயதே இல்லை. நம் தெருவிலேயே அந்த வயதுக்காரர்கள் தண்ணீர்க் குடம் தூக்குகிறார்கள். வயது தெரிவது சின்ன இடங்களில். திரும்பும்போது கழுத்து மட்டும் திரும்பாது, தோளும் கூடவே திரும்பும். உட்காரும்போது நாற்காலி காலின் பின்பக்கம் படுகிறதா என்று பார்த்து, ஒரு கையால் பிடித்து, பிறகுதான் எடையை இறக்குவார்கள். எழும்போது தொடையில் கையூன்றி, உடம்பை முன்னால் கொண்டுவந்து, ஒரு மூச்சு விட்டு எழுவார்கள். படிக்க ஒரு தாள் கொடுத்தால் கையை நீட்டித் தூரத்தில் பிடிப்பார்கள். இவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள், போதும். எல்லாவற்றையும் செய்தால் அது வயோதிகத்தைப் பற்றிய செயல்முறை விளக்கம்.

வயதைவிட முக்கியம் தொழில். இரண்டு மணி நேரம் ஒதுக்கி, கூட்டமான டவுன் பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரைக் கவனியுங்கள். கைபேசியில் படம் எடுக்க வேண்டாம். அவருக்குச் சங்கடம், உங்களுக்கும் கண் மழுங்கிவிடும். இறங்கிய பிறகு நினைவிலிருந்து எழுதுங்கள். எதைப் பார்ப்பது? எடை எந்தக் காலில் நிற்கிறது, பஸ் ஆடும்போது இடுப்பை எந்த சீட்டின் கம்பியில் சாய்த்துக்கொள்கிறார், ரூபாய்த் தாள்களை நீளவாக்கில் மடித்து எந்த விரல்களுக்கு நடுவில் செருகியிருக்கிறார், பையின் எடைக்குத் தோள் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, கூட்டத்தில் டிக்கெட் வாங்காதவரைக் கண் எப்படித் தேடுகிறது. பிறகு ஓய்வுபெற்றவர் ஒருவரைத் தெரிந்தால் டீக்கடையில் உட்கார்ந்து பேசுங்கள். கதை கேட்பதைவிடக் கையைப் பாருங்கள்.

பார்த்ததை அப்படியே ஒருவரிடமிருந்து எடுத்தால் மிமிக்ரி ஆகிவிடும். மூன்று பேரைக் கவனித்து, ஆளுக்கு ஒன்று எடுங்கள். ஒருவரிடமிருந்து நிற்கும் விதம், இன்னொருவரிடமிருந்து கை, மூன்றாமவரிடமிருந்து பார்வை.

இனி அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சண்முகம் இப்போது பஸ்ஸில் இல்லை. ஆனாலும் நிற்கும்போது கால் இரண்டையும் அகட்டி வைக்கிறார், தரை ஆடாத வீட்டில்கூட. பேசிக்கொண்டே மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்க்கிறார். மகன் நீட்டும் வங்கித் தாள்களைப் புரட்டுமுன் விரலை நாக்கில் தொட்டுக்கொள்கிறார். நாடகத்தின் முடிவில் பத்திரம் வெளியே வருவது அவருடைய பழைய தோல்பையிலிருந்து என்றால், பையைத் தோளில் மாட்டாமல் மடியில் வைத்தாலும், கை முதலில் போவது சில்லறை போடும் முன்னறைக்கு. அங்கே ஒன்றுமில்லை. அப்புறம்தான் பின்னறைக்கு. அந்த ஒரு விநாடித் தவறில் 30 வருடம் தெரியும். இந்த இடத்தைப் பத்துத் தடவையாவது தனியாகப் பழகுங்கள். செய்துகாட்டுவதாகத் தெரிந்தால் கெட்டது, கை தன் பாட்டுக்குப் போக வேண்டும்.

வேட்டி, செருப்பு, மூக்குக்கண்ணாடி, பை ஆகியவை இந்த வாரமே ஒத்திகைக்கு வர வேண்டும். அசல் கிடைக்காவிட்டால் அதே எடையுள்ள மாற்று. ஜீன்ஸில் ஆறு வாரம் நடந்துவிட்டுக் கடைசி நாள் நாலு முழ வேட்டி கட்டினால் கால் எட்டு சிறுத்துவிடும், உட்கார்ந்து எழும்போதெல்லாம் கை இடுப்புக்குப் போகும். வேட்டிக்கு மேல் ஒரு பெல்ட், உள்ளே அரை டவுசர் இரண்டும் இருந்தால் மனதில் அந்தப் பயம் இருக்காது. டம்ளரில் உண்மையாகவே ஏதாவது ஊற்றிக்கொள்ளுங்கள். காலி டம்ளரைத் தூக்கும் கை எடையில்லாமல் மேலே பறப்பது கடைசி வரிசைக்கும் தெரியும்.

நான்காவது வாரம்: குரலும், தேங்கி நிற்கும் நாட்களும்

தமிழ் வாக்கியத்தின் வால்தான் அதன் உயிர். காலம், ஆள், உண்டா இல்லையா என்பதெல்லாம் கடைசியில் வரும். ‘பத்திரத்தை எடுத்துட்டுப் போயிருக்க...’ என்றவரை கேட்ட ஒருவருக்கு அது ‘மாட்டான்’ என்று முடிந்ததா, ‘லாம்’ என்று முடிந்ததா தெரியாவிட்டால் கதையே தலைகீழாகும். ஆனால் புதிய நடிகர்கள் வாக்கியத் தொடக்கத்தில் மூச்சைச் செலவழித்துவிட்டு முடிவை விழுங்குகிறார்கள். பழக வேண்டிய பயிற்சி எளிது: நண்பர் ஒருவரை அரங்கின் கடைசி வரிசையில், அல்லது வராண்டாவின் மறுகோடியில் நிறுத்துங்கள். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லை மட்டும் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் திணறும் வரிகளைக் குறித்துக்கொண்டு, மூச்சு எடுக்கும் இடத்தை மாற்றுங்கள். கத்த வேண்டியதில்லை.

வட்டாரப் பேச்சு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மதுரை, கொங்கு, நெல்லை என்று எதைத் தேர்ந்தாலும் சினிமாவிலிருந்து எடுக்காதீர்கள். அந்த ஊர்க்காரர் யாரிடமாவது வசனத்தைப் பேசச் சொல்லிக் கேளுங்கள். நாடகம் முழுக்கக் காப்பாற்ற முடியாதென்றால் உங்களுக்கு இயல்பாக வரும் பேச்சையே வைத்துக்கொண்டு, வேகத்திலும் சொல்லழுத்தத்திலும் ஆளைக் காட்டுங்கள். சண்முகம் மெதுவாகப் பேசுகிறவர் இல்லை. வாழ்நாள் முழுக்க இஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசியவர். அவர் குரல் தாழும் இடம் வந்தால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

இந்த வாரத்தின் நடுவில் எல்லாம் செத்துப்போனது போல இருக்கும். வசனம் வருகிறது, நகர்வு வருகிறது, ஆனால் உயிரில்லை. இது ஏறக்குறைய எல்லாக் குழுவிலும் நடக்கும், பதற வேண்டாம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அதனால் யாரும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். மூன்று வழிகள் கைகொடுக்கும். ஒன்று, பிரதியில் இல்லாத காட்சியை நடித்துப் பார்ப்பது: அன்று காலை, மகன் எழும் முன், சண்முகம் தனியாக டீ போடுகிறார். பதினைந்து நிமிடம், வசனமே கிடையாது. இரண்டு, வேடத்தை மாற்றிக்கொள்வது. நீங்கள் பிரபு, அவர் சண்முகம். மகன் பக்கத்து நியாயம் அப்போதுதான் உறைக்கும். அதன்பிறகு அவனைச் சும்மா எதிரியாக நடத்த மாட்டீர்கள். மூன்று, சண்முகமாகவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, குழுவினர் கேட்கும் கேள்விகளுக்கு இருபது நிமிடம் பதில் சொல்வது. பதில் சொல்லத் திணறும் கேள்வியில் உங்கள் வீட்டுப்பாடம் மிச்சமிருக்கிறது.

அழும் காட்சி

கடைசிக் காட்சியில் பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு சண்முகம் அழுகிறார் என்று பிரதியில் அடைப்புக்குறிக்குள் இருந்தால், ஆறு வாரமும் அந்த அடைப்புக்குறியே மிரட்டிக்கொண்டிருக்கும். கண்ணீர் வரவழைக்க முயலாதீர்கள். முயற்சிதான் தெரியும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இந்த இடத்தில் நடிகனுக்கு நேரடியாக உதவுகிறது. உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடுகளையும் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்களை அது தருகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் வருவது இளிவு. இழப்பால் வருவது இழவு. இருந்த நிலையிலிருந்து சரிவதால் வருவது அசைவு. சண்முகம் எதற்காக அழுகிறார்? மனைவி போனதற்கா? ஒரு பஸ் கூட்டத்தையே அதட்டி அடக்கிய ஆள் சொந்த வீட்டில் கேள்வி கேட்கப்படுவதற்கா? மகன் தன்னை நம்பவில்லை என்பதற்கா? காரணத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதைச் செயலில் வையுங்கள். இழவு என்றால் கை பத்திரத்தில் மனைவியின் கையெழுத்தைத் தடவும். அசைவு என்றால் பத்திரத்தை ஒரு டிக்கெட்டைப் போல நீட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அழாமல் இருக்கப் பாடுபடுவார். அழாமல் இருக்கப் பாடுபடும் ஆளைப் பார்த்துத்தான் அரங்கம் அழும்.

சொந்த வாழ்க்கையின் ஆறாத காயத்தை இதற்காகக் கிளற வேண்டாம். வீட்டில் அண்மையில் நடந்த சாவு, மறக்க முயலும் சம்பவம் இவையெல்லாம் தொடக்கூடாதவை. அன்று வேலை செய்யலாம்; மூன்றாம் நாள் வறண்டுபோகும், அல்லது உங்களைக் கட்டுப்பாட்டை மீறி இழுத்துக்கொண்டு போகும். காட்சி முடிந்ததும் முகம் கழுவி, உடையை மாற்றி, மகனாக நடித்தவரோடு சம்பந்தமில்லாத ஏதாவது பேசிவிட்டு வீட்டுக்குப் போங்கள். இயக்குநரும் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும்.

ஐந்தும் ஆறும்

இப்போதிலிருந்து நிறுத்தாமல் முழு ஓட்டம். வசனம் தவறினாலும் உள்ளுக்குள்ளேயே சமாளித்துப் போங்கள். ‘சாரி, மறுபடியும்’ என்ற பழக்கம் இங்கேயே சாக வேண்டும். உண்மையான மேடையில் குறைந்தது இரண்டு ஒத்திகை கேட்டு வாங்குங்கள். தொங்கும் மைக் எங்கே இருக்கிறது, தரையில் வைத்த மைக் செருப்புச் சத்தத்தை இழுக்கிறதா என்று பாருங்கள். ஒளி எங்கே விழுகிறது என்பதைத் தரையைப் பார்த்துத் தேடாதீர்கள். சூடு தரும் பழைய வகை விளக்கு என்றால், முகத்தில் சூடு படும் இடம்தான் வெளிச்சத்தின் நடு.

நுழைவை மட்டும் தனியாக ஒரு மாலை பழகுங்கள். தெருக்கூத்தில் வேடக்காரர் இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் பாடி ஆடி, அதற்குப் பிறகுதான் முகம் காட்டுவார். மேடையில் தெரியுமுன்பே அவர் பாத்திரமாகிவிடுகிறார். நீங்களும் விங்ஸிலிருந்து (மேடையின் பக்கவாட்டு மறைவு) பத்தடி முன்பே சண்முகமாக நடக்கத் தொடங்குங்கள். எங்கிருந்து வருகிறார், வெயிலா, கையில் என்ன, என்ன சொல்ல நினைத்துக்கொண்டு வருகிறார் என்பதை முடிவு செய்துகொண்டு.

இயக்குநர் குறிப்பு சொல்லும்போது எழுதுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். ‘நான் அப்படித்தான் செய்தேன்’ என்பதில் பயனில்லை. அவருக்குத் தெரியவில்லை என்றால் பார்வையாளருக்கும் தெரியாது. புரியாத குறிப்பை மட்டும் ஒத்திகை முடிந்த பிறகு கேளுங்கள்.

ஒப்பனையில் அடக்கம் நல்லது. முகத்தில் கறுப்பாகச் சுருக்கக் கோடு வரைந்தால் முன்வரிசைக்கு அழுக்காகத் தெரியும். தலைக்கு முகப்பவுடர் போட்டால் வெளிச்சத்தில் தூசியாகப் பறக்கும், சட்டையிலும் கொட்டும். தண்ணீரில் கரையும் வெள்ளை முகவண்ணத்தைப் பழைய பல் பிரஷ்ஷில் தொட்டு, காதோரத்திலும் மீசை நுனியிலும் மட்டும் சீவுங்கள். உடை ஒத்திகையில் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

நிகழ்ச்சி நாளில் இரண்டு மணி நேரம் முன்பே அரங்கில் இருங்கள். வயிற்றுக்கு இட்லி போன்று இலேசானது போதும். உங்கள் பொருட்களை நீங்களே கையால் தொட்டுச் சரிபாருங்கள்: டம்ளர், கண்ணாடி, பை, பையின் பின்னறையில் பத்திரம். யாரோ வைத்திருப்பார்கள் என்று நம்பி, காலிப் பையைத் திறந்தவர்கள் பல மேடைகளில் உண்டு. மேடையில் ஏதாவது விழுந்தால் சண்முகமாகவே குனிந்து எடுங்கள், அவர் வயதுக்குரிய நேரத்தை எடுத்துக்கொண்டு. சிரிப்பு வந்தால் அது உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரியைச் சொல்லுங்கள்; முழுதாக அடங்கும்வரை காத்திருந்தால் வேகம் போய்விடும். பிரபுவுக்கு வசனம் மறந்துவிட்டது என்று கண்ணில் தெரிந்தால், அவர் சொல்ல வேண்டியதை உங்கள் கேள்வியாக்குங்கள்: “என்ன, பேங்க்ல நாளைக்கு வரச் சொல்லிட்டாங்களா?”

இரண்டாவது நாளும் நாடகம் இருந்தால், முதல் நாள் கைதட்டல் வந்த இடத்தை அன்றைக்குத் தேடாதீர்கள். அரங்கில் புதிய ஆட்கள் இருப்பார்கள், சிரிப்பு வேறு இடத்தில் வரும். மேடை ஏறுமுன் நோட்டைத் திறந்து வினைச்சொற்களை மட்டும் ஒருமுறை படியுங்கள். அவற்றில் ஒன்றே ஒன்றை மாற்றிக்கொண்டு போய், பிரபு என்ன செய்கிறார் என்று பாருங்கள்.